பொதுப்பணமும் பேச்சுரிமையும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடனே, "இது கடல் கடந்த நாட்டு வழக்கு, இதனால் எமக்கு ஆவது என்ன?" என்று சிலர் நினைக்கக்கூடும். அவ்வாறு நினைப்பது தவறன்று. எனினும் சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகின்றோம். பேச்சு முடியுமுன் இவ்விடயம் எமது வாசற்படிவரை வந்துவிடும்.

பொருள் இதுதான். ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசாங்கம் அதை நிறுவவில்லை. அரசாங்கம் அதை நடத்தவுமில்லை. ஆயினும் அரசாங்கத்தின் பணம் அதற்குச் செல்கிறது. அங்கே படிக்கும் ஒரு மாணவன், அதிகாரிகளுக்கு உவப்பில்லாத ஒன்றைப் பேசிவிடுகிறான். பல்கலைக்கழகம் அவனைத் தண்டிக்கிறது. அப்போது அவன் கேட்கிறான்: "நீங்கள் பெறுவது பொதுமக்களின் வரிப்பணம். அரசாங்கம் என் வாயைக் கட்டக்கூடாதென்றால், அரசாங்கத்தின் பணத்தில் நடக்கும் நீங்கள் மட்டும் கட்டலாமா?"

இது முதலாவது கேள்வி. இதன் மறுபக்கமாக இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. பணம் கொடுத்த அரசாங்கம் ஒருநாள் அதே பல்கலைக்கழகத்தின் வாசலில் வந்து நின்று, "இன்னதைக் கற்பி, இன்னாரை நியமி, இன்னாரை விலக்கு, இல்லையேல் பணம் இல்லை" என்று சொன்னால் என் செய்வது? முதற் கேள்வியில் பல்கலைக்கழகத்தின் கை மாணவனுடைய வாயை மூடுகிறது. இரண்டாவதில் அரசாங்கத்தின் கை பல்கலைக்கழகத்தின் வாயை மூடுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பார்ப்பவர் பாதி உண்மையையே காண்பர்.

இவ்விரு கேள்விகளும் மிகக் கூர்மையாக எழுந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. காரணம் வெளிப்படை. அங்குள்ள பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் பல தனியாருடையவை. ஹாவாட் 1636இலும், யேல் 1701இலும், பிரின்ஸ்ரன் 1746இலும் தோன்றின. அந்த நாடு சுதந்திரப் பிரகடனம் செய்ததோ 1776இல். நாட்டுக்கு முன்பே கல்லூரி பிறந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் படிப்பதற்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் பணம் கொடுத்தது. 1950இல் தேசிய விஞ்ஞான நிறுவனம் ஏற்பட்டது. 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் வறிய மாணவர்க்கு உதவிப் பணத்துக்கு வழி செய்தது. ஆராய்ச்சிக்கென்றும் மாணவருக்கென்றும் அரசாங்கப் பணம் தனியார் பல்கலைக்கழகங்களுக்குள் ஆறுபோற் பாய்ந்தது. நீர் வந்தால் நீர்க்கட்டணமும் வரும் அல்லவா?

இனி, பழைய கதை இரண்டைக் கூறுவாம்.

முதலாவது டாட்மத் கல்லூரியின் கதை. ஆங்கில அரசன் வழங்கிய சாசனத்தின்கீழ் 1769இல் ஏற்பட்ட சிறு கல்லூரி அது. 1816இல் நியூ ஹாம்ஷயர் மாநிலச் சட்டசபை, கல்லூரியின் சாசனத்தை மாற்றி, அதை மாநிலத்தின் பல்கலைக்கழகமாக்க முனைந்தது. பழைய தருமகர்த்தாக்கள் வழக்குத் தொடுத்தனர். அக் கல்லூரியின் பழைய மாணவரான டானியல் வெப்ஸ்ரர் அவர்களுக்காக வாதாடினார். 1819இல் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் தீர்ப்புக் கூறினார். சாசனம் ஓர் ஒப்பந்தம். மாநிலம் தன் விருப்பப்படி அதைக் குலைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். பொதுநன்மைக்காக நடப்பதாலேயே ஒரு கல்லூரி அரசாங்கத்தின் உடைமையாகிவிடாது என்ற கொள்கை அன்று வேரூன்றியது. அமெரிக்கத் தனியார் கல்லூரிகளின் சுதந்திரத்துக்கு அத்திவாரம் இதுவே.

இரண்டாவது ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் கதை. இக் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். புகையிரதப் பாதைகளால் பெருஞ்செல்வரான லீலண்ட் ஸ்ரான்போட் என்பவரும் அவர் மனைவியார் ஜேன் அம்மையாரும் தம் இறந்த மகனின் நினைவாக நிறுவிய பல்கலைக்கழகம் அது. 1891இல் திறக்கப்பட்டது. 1893இல் கணவர் இறந்தபின் அம்மையாரின் சொல்லே அங்கு சட்டமாயிருந்தது. அங்கே எட்வேட் றொஸ் என்றொரு பேராசிரியர் இருந்தார். நகரப் பொதுச் சேவைகள் நகரசபைகளின் உடைமையாக வேண்டும் என்று அவர் பேசினார். செல்வர் விரும்பாத நாணயக் கொள்கையை ஆதரித்து எழுதினார். 1900ஆம் ஆண்டு ஆசியத் தொழிலாளர் அந் நாட்டுக்குள் வருவதை எதிர்த்துக் கடுமையாகப் பேசினார். அம்மையாரின் கணவருடைய புகையிரதப் பாதையைப் போட்டவர்களோ சீனத் தொழிலாளர்கள். அம்மையார் சினந்தார். அவ்வாண்டு முடியுமுன் றொஸ் பதவி துறக்க நேர்ந்தது.

சபையோர்களே, இங்கே ஒரு கணம் நிற்போம். நாம் ஆசியர். றொஸ் ஆசியரைப்பற்றிச் சொன்னவை எமது காதைச் சுடுவன. இனத்தை இனம் தாழ்த்தும் பேச்சு அது. அதை நாம் ஒருபோதும் ஏற்கோம். ஆயினும் அவரை நீக்கிய முறை சரியானதா? நீக்கியவர் ஆசியர்க்கு நேர்ந்த அவமானத்தை மாத்திரம் எண்ணி நீக்கினாரல்லர். பணம் கொடுத்தவருக்குப் பிடிக்காததைப் பேராசிரியர் பேசலாகாது என்று கருதி நீக்கினார். இன்று எம்மை இகழ்ந்தவரை நீக்கிய அதே கை, நாளை எமக்காகப் பரிந்து பேசுபவரையும் நீக்கும். இதை உணர்ந்த பேராசிரியர் பலர் எதிர்ப்புத் தெரிவித்துத் தம் பதவியைத் துறந்தனர். அவர்களுள் ஒருவர் ஆதர் லவ்ஜோய் என்னும் இளைஞர். அவரும் தத்துவ அறிஞர் ஜோன் டூயியும் முன்னின்று 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தை நிறுவினார்கள். தனக்கு உவப்பில்லாத சொல்லைச் சொன்னவனுக்காகத் தன் சோற்றை இழந்தவர்களால் அந்த உரிமை வளர்ந்தது. இளைஞர்கள் இதை மறக்கலாகாது.

நிற்க. இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்க அரசியலமைப்பின் முதலாந் திருத்தம் 1791இல் நிறைவேறியது. அது பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை அரசாங்கம் இயற்றலாகாது என்று தடுக்கிறது. பிற்காலத் தீர்ப்புகளால் அத் தடை மாநிலங்களையும் கட்டுவதாயிற்று. ஆகவே மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று மாணவனின் பேச்சுக்காக அவனைத் தண்டித்தால் அவன் அரசியலமைப்பைக் காட்டி வழக்காடலாம். ஆனால் இத் தடை அரசாங்கத்தின் மீது இடப்பட்டது, தனியார் மீதன்று. வீட்டுக்காரர் தம் வீட்டில் வந்து வசைபாடுபவனை வெளியேற்றினால் அது அரசியலமைப்பை மீறுவதாகாது. தனியார் பல்கலைக்கழகமும் சட்டத்தின் கண்ணுக்கு ஓரளவு வீட்டுக்காரரைப் போன்றதே.

"பணம் வாங்கினாலுமா?" என்று கேட்பீர்கள். வாங்கினாலுந்தான். மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், இடர்ப்பாடுள்ள மாணவர்க்கென நடந்த தனியார் பாடசாலை ஒன்றின் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பொதுப்பணத்தால் நடந்தது. மாணவர் விண்ணப்பம் ஒன்றை ஆதரித்த ஆலோசகர் ஒருவரும், வேறு ஆசிரியர் சிலரும் அங்கிருந்து விலக்கப்பட்டனர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. 1982இல் வந்த தீர்ப்பு, பணத்தில் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையது என்பதால் மட்டும் பாடசாலையின் செயல் அரசாங்கத்தின் செயலாகிவிடாது என்றது. அரசாங்கத்துக்குப் பாலம் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்தகாரரின் வருமானம் முழுவதும் அரசாங்கத்திடமிருந்து வரலாம்; அதனால் அவர் அரசாங்கமாகிவிடுவாரா? நீதிமன்றம் காட்டிய உவமை இத்தகையது. நீதியரசர் இருவர் இதற்கு மாறுபட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் சட்டம் இதுவாயிற்று.

இத் தீர்ப்பு எம்மிற் பலருக்குக் கசப்பாக இருக்கும். எனினும் அதன் உள்ளிருக்கும் நியாயத்தைக் காண வேண்டும். கத்தோலிக்கர் கத்தோலிக்கக் கல்லூரியும், யூதர் யூதக் கல்லூரியும், இந்துக்கள் இந்துக் கல்லூரியும் நடத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்த நோக்கமும் தனித்த வாழ்வுமுறையும் உண்டு. அரசாங்கத்தின் காசு ஒன்று வந்தவுடனே அவை எல்லாம் அரசாங்கக் காரியாலயங்களாக மாறிவிட வேண்டும் என்றால், நாட்டில் ஒரே அச்சில் வார்த்த கல்லூரிகளே எஞ்சும். பல குரல்கள் ஒலிக்க வேண்டுமென்றே பேச்சுரிமையை விரும்புகின்றோம். பல நிறுவனங்கள் இருப்பதும் பல குரல்கள் ஒலிப்பதற்கு ஒரு வழியே.

அப்படியானால் பணத்தோடு கடமை எதுவுமே வாராதா? வரும். அதுவே கவனிக்கத்தக்கது.

1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி, அரசாங்கப் பணம் பெறும் எந் நிறுவனமும் இனம், நிறம், பிறந்த நாடு என்பவற்றால் மக்களை வேற்றுமைப்படுத்தலாகாது என்று விதித்தது. 1972இல் ஆண், பெண் என்ற வேற்றுமைக்கும் அதுபோன்ற விதி வந்தது. பென்சில்வேனியாவில் குரோவ் சிற்றி என்றொரு கல்லூரி. "நாம் அரசாங்கத்திடம் நேரே பணம் பெறவில்லையே, மாணவர் அல்லவா பெறுகின்றனர்?" என்று அது வாதாடியது. மாணவன் கையிற் கொடுத்தாலும் கல்லூரிக்குக் கொடுத்ததே என்று 1984இல் உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும் அந்த விதி மாணவர் உதவிப் பகுதியை மட்டுமே கட்டும் என்றது. 1988இல் கொங்கிரஸ், ஜனாதிபதி றேகனின் மறுப்பையும் மீறி, விதியை நிறுவனம் முழுவதற்கும் விரித்தது. குரோவ் சிற்றியும், மிச்சிகனில் உள்ள ஹில்ஸ்டேல் கல்லூரியும் நாளடைவில் மாணவர் வழியாக வரும் அரசாங்கப் பணத்தையும் வேண்டாமென்று விட்டன. அவர்களுடைய கொள்கையை ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். ஆனால் கொள்கைக்காகக் காசை விட்டவர்களை மதியாமலிருக்க முடியாது.

இங்கே ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். "எல்லா மாணவரையும் சமமாக நடத்து" என்பது ஒரு வகை நிபந்தனை. "நான் சொல்வதை நீயும் சொல்" என்பது வேறொரு வகை. முன்னதை நீதிமன்றங்கள் அநுமதித்தன, பின்னதைத் தடுத்தன. 1958இல் கலிபோர்னியா, வரிச் சலுகை வேண்டும் முன்னாட் போர்வீரர்கள் தம் விசுவாசத்தை உறுதிகூறிக் கையொப்பமிட வேண்டுமென்று விதித்ததை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013இல், எயிட்ஸ் நோய்த் தடுப்புக்குப் பணம் பெறும் சங்கங்கள் அரசாங்கத்தின் கொள்கையொன்றைத் தம் கொள்கையாகவும் பிரகடனஞ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் தள்ளியது. ஆனால் 2006இல், இராணுவத்துக்கு ஆட்சேர்ப்போரை ஏனையோரைப்போல உள்ளே விடவேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டக் கல்லூரிகள் எதிர்த்தபோது நீதிமன்றம் அவர்களுக்கு இணங்கவில்லை. ஏனெனில் கதவைத் திறந்துவிடுமாறு கேட்டார்களேயன்றி இராணுவத்தைப் புகழுமாறு கேட்கவில்லை. உள்ளே விட்டபின்னும் அதைக் கண்டித்துப் பேசக் கல்லூரிக்கு உரிமை இருந்தது.

ஆகவே முதற் கேள்விக்கு விடை என்ன? அரசியலமைப்பு மாணவனைக் காக்கவில்லை என்றால் அவனுக்குத் துணை யார்? துணைகள் மூன்று உள.

ஒன்று, மாநிலச் சட்டம். கலிபோர்னியா மாநிலம் 1992இல், செனற்றர் லெனாட் என்பவரின் பெயரால் வழங்கும் சட்டத்தை இயற்றியது. வளவுக்கு வெளியே தண்டிக்க முடியாத பேச்சுக்காகத் தனியார் பல்கலைக்கழகமும் தன் மாணவனைத் தண்டிக்கக்கூடாது என்பது அதன் கருத்து. சமயக் கல்லூரி தன் சமயக் கோட்பாட்டுக்கு மாறாக நடக்க வேண்டியதில்லை என்ற விலக்கும் அதில் உண்டு. இச் சட்டத்தின்கீழ் மாணவர் சிலர் தொடுத்த வழக்கில், ஸ்ரான்போட் 1990இல் இயற்றிய பேச்சுக் கட்டுப்பாட்டு விதி 1995இல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பல்கலைக்கழகமும் மேன்முறையீடு செய்யாது விட்டது. றொஸ் நீக்கப்பட்ட அதே வளவிலே, ஒரு நூற்றாண்டு முடியுந் தறுவாயில் நடந்த காரியம் இது.

இரண்டு, மாநில அரசியலமைப்பு. பிரின்ஸ்ரன் வளவில் அரசியல் துண்டுப்பிரசுரம் விநியோகித்த வெளியாள் ஒருவர் அத்துமீறி நுழைந்தாரென்று தண்டிக்கப்பட்டார். 1980இல் நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் தன் மாநில அரசியலமைப்பைக் காட்டி அத் தண்டனையை நீக்கியது. கருத்துப் பரிமாற்றத்துக்காகவே வளவைத் திறந்துவைத்திருக்கும் பல்கலைக்கழகம், தகுந்த விதி எதுவுமின்றி ஒருவரை மட்டும் வெளியேற்றலாகாது என்பதே அதன் நியாயம்.

மூன்றாவது துணை எல்லாவற்றிலும் எளியது. எமது மனத்துக்கு மிக உகந்தது. அது பல்கலைக்கழகம் தானே கொடுத்த வாக்கு. சிக்காகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் குழு ஒன்று 1967இல், பல்கலைக்கழகம் அரசியல் விவகாரங்களில் தானாகக் கட்சி சேராது விமர்சகர்களுக்கு இல்லமாக இருக்க வேண்டுமென்று அறிக்கை செய்தது. 2015இல் மற்றொரு குழு, கேட்பதற்குக் கசப்பானது என்பதற்காக ஒரு கருத்தைத் தடுக்கலாகாது என்று எழுதியது. அதே குழு, பிறரை அச்சுறுத்தல், அவதூறு, வகுப்பைக் குழப்புதல் என்பவற்றுக்கு இடமில்லை என்றும் வரையறுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் அக்கொள்கையைத் தழுவின. இவ்வாறு எழுதிவைத்துவிட்டு மாணவனிடம் பணமும் வாங்கிய பல்கலைக்கழகம் பின்பு சொல் மாறினால், சில மாநில நீதிமன்றங்கள் அதை ஒப்பந்த மீறலாகவே பார்க்கின்றன.

2019 மார்ச் 21ஆந் திகதி ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் பிறப்பித்த கட்டளையும் இவ்வழியையே பின்பற்றியது. ஆராய்ச்சிப் பணம் பெறும் பொதுப் பல்கலைக்கழகங்கள் முதலாந் திருத்தத்துக்கு அமைய நடக்க வேண்டும்; தனியார் பல்கலைக்கழகங்கள் தாம் வெளியிட்ட கொள்கைக்கு அமைய நடக்க வேண்டும் என்றது. 2020இல் கல்வித் திணைக்களம் விதித்த விதி, நீதிமன்றம் இறுதித் தீர்ப்புக் கூறிய பின்பே குற்றம் நிலைக்கும் என்று வரம்பு கட்டியது. இது நியாயமான வரம்பு. அதிகாரி ஒருவரின் கோபம் தீர்ப்பாகிவிடக்கூடாதல்லவா?

ஆனால், சபையோர்களே, 2025இல் நடந்தது வேறு. இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகின்றோம்.

யூத மாணவர்க்கு வளவுகளிற் பாதுகாப்பில்லை என்பதைக் காரணமாகக் காட்டி, அவ்வாண்டு மார்ச்சில் அரசாங்கம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 40 கோடி டொலர் பெறுமதியான உதவியை இரத்துச் செய்தது. ஜூலையில் கொலம்பியா 22 கோடி 10 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கி உடன்படிக்கை செய்துகொண்டது. ஏப்ரல் 11ஆந் திகதி ஹாவாட்டுக்கு ஒரு கடிதம் சென்றது. நிர்வாகத்தை மாற்ற வேண்டும். மாணவரும் ஆசிரியரும் எத்தகைய கருத்துடையோர் என்று வெளியார் ஒருவரைக்கொண்டு பரிசோதிக்க வேண்டும். குறைவாயுள்ள கருத்துடையோரைச் சேர்த்து நிரப்ப வேண்டும் என்று அது கேட்டது. ஏப்ரல் 14ஆந் திகதி ஹாவாட் தலைவர் அலன் காபர் மறுத்தார். அன்றே ஏறத்தாழ 220 கோடி டொலர் ஆராய்ச்சிப் பணம் நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டவற்றுள் காசநோய் ஆராய்ச்சியும் ஒன்று. காசநோய் எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்தது என்பதை இங்குள்ள முதியோர் அறிவர். மாணவர் ஊர்வலத்துக்கும் காசநோய்க் கிருமிக்கும் என்ன தொடர்பு?

ஹாவாட் வழக்குத் தொடுத்தது. செப்ரெம்பர் 3ஆந் திகதி நீதிபதி அலிசன் பறோஸ் அம்மையார், அரசாங்கத்தின் செயல் முதலாந் திருத்தத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தார். குடியியல் உரிமைச் சட்டத்தின்கீழ் பணத்தை நிறுத்துவதற்கு முன் அறிவித்தல், விசாரணை, முடிபு என்று படிகள் உண்டு. அப் படிகளைக் கடவாமலே நிறுத்தினார்கள் என்றும் காட்டினார். ஆனால் அத்தோடு அவர் நிற்கவில்லை. யூத வெறுப்பு ஹாவாட்டிற் பரவியிருந்தது உண்மை, பல்கலைக்கழகம் அதை இன்னும் நன்றாகக் கையாண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். இரு பக்கத்துக்கும் உரியதை இரு பக்கத்துக்கும் கொடுத்த நடுவுநிலைமை அது. அரசாங்கம் பின்னர் மேன்முறையீட்டுக்குச் சென்றது.

இங்கே எதிர்வாதம் ஒன்றை மறையாமற் சொல்ல வேண்டும். எதிராளியின் பக்கத்தைக் கூறிப் பின்பே தம் பக்கத்தை நாட்டுதல் எமது சாத்திரகாரரின் பழைய முறை. "உழைக்கும் மக்களின் வரிப்பணத்தை வாங்கிக்கொண்டு, அம் மக்களின் பிள்ளைகளையே வாய் திறக்கவிடாது செய்யும் பல்கலைக்கழகத்துக்கு அரசாங்கம் ஏன் கொடுக்க வேண்டும்? பல பல்கலைக்கழகங்கள் ஒரே கட்சிக் கருத்துடையோரால் நிறைந்திருக்கவில்லையா? வந்த பேச்சாளரைக் கூச்சலிட்டுத் துரத்தவில்லையா?" என்று கேட்கிறார்கள். இது வெறும் கேள்வியன்று. சிக்காகோ போன்ற இடங்களில் அறிஞர்கள் கொள்கை எழுதவேண்டி வந்ததே, நோய் இருந்ததற்குச் சாட்சி.

எமது விடை இதுதான். நிபந்தனை விதிக்கலாம், ஆனால் அது முன்கூட்டியே சட்டமாக எழுதப்பட்டு, எல்லாருக்கும் ஒன்றாய், எக் கருத்துக்கும் சார்பின்றி, விசாரணையோடு நிறைவேற வேண்டும். "நீ வாக்களித்தபடி எல்லாரையும் பேசவிடு" என்பது நிபந்தனை. "என் கருத்துடையோரை இத்தனை பேர் சேர்" என்பது கட்டளை. முன்னது வாயைத் திறக்கிறது. பின்னது ஒரு வாயை மூடி மற்றொரு வாயைத் திறக்கிறது. ஆட்சி மாறும். இன்று ஒரு கட்சி கையில் எடுத்த பிரம்பை நாளை மறு கட்சி எடுக்கும். அப்போது முதுகு யாருடையதாயினும் அடி ஒன்றே.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு சொல் உண்டு. தம் மாணவனின் உரிமையைக் காவாதவர், தம் உரிமைக்கு ஆபத்து வரும்போது ஊரைத் துணைக்கழைத்தால் ஊர் தயங்கும். தன் வீட்டில் நீதி செய்தவனுக்கே வாசலில் நின்று நீதி கேட்கும் வலிமை உண்டு.

இப்போது, தொடக்கத்திற் சொன்னபடி, எமது வாசற்படிக்கு வருவோம். அரசாங்க நன்கொடைக்கும் கல்விச் சுதந்திரத்துக்கும் உள்ள இழுபறி எமது நாட்டுக்குப் புதியதன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை, மிஷன் பாடசாலைகளுக்கு நன்கொடை கிடைத்துவந்த காலத்தில், பல ஆண்டுகள் அஃதின்றியே, ஊரவர் கொடுத்த பொருளைக்கொண்டு நடந்தது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதாலேயே எது கற்பிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கலாம் என்பதை எம் முன்னோர் அநுபவத்தில் அறிந்தார்கள். பின்னர், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் முகாமையை அரசாங்கம் ஏற்றபோது, நன்கொடையின்றித் தனித்து நிற்பதா, கையளிப்பதா என்று முகாமையாளர் பலர் உறங்காது யோசித்ததை இங்குள்ள முதியோர் மறந்திரார். அரசாங்கம் ஏற்றதால் வறிய பிள்ளைகள் பெற்ற நன்மையை நாம் மறுக்கவில்லை. பணம் வரும் வழியே அதிகாரமும் வரும் என்பதையே நினைவூட்டுகின்றோம்.

எமது மன்றமும் ஒரு சிறு நிறுவனமே. பெரியவர் ஒருவர் மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தருகிறார். மற்றொருவர் நூல்நிலையத்துக்கு அலுமாரி தருகிறார். அவர்களுக்கு நன்றி செலுத்துவது எமது கடமை. ஆனால் எமது விவாத மேடையில் எந்தத் தலைப்பைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்று கூரை தீர்மானிக்குமா? தீர்மானிக்குமானால், கூரையில்லாத மரநிழலே மேல்.

ஆதலால் இளைஞர்களே, மூன்று காரியங்களை உங்களிடம் வேண்டுகின்றோம். முதலாவது: எந்த நிறுவனத்திற் சேர்ந்தாலும் அதன் விதிகளை வாசித்துக்கொண்டு சேருங்கள், அது உங்களுக்குத் தந்த வாக்கை அறிந்திராதவன் அதைக் கேட்டுப் பெறமாட்டான். இரண்டாவது: உங்கள் எதிர்க்கட்சியானின் வாயை யாராவது பொத்தும்போது கைதட்டாதீர்கள், லவ்ஜோயை நினையுங்கள். மூன்றாவது: பேசும் உரிமை கேட்பவன் கேட்கும் பொறுமையையும் கற்கவேண்டும், பிறனை அச்சுறுத்துவதும், கூச்சலால் அடக்குவதும் பேச்சுரிமையன்று, பேச்சின் கொலை.

பெரியோர்களிடமும் ஒன்று வேண்டுகின்றோம். கொடுங்கள்; தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது, "பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உண்மை என்று கண்டதைப் பணிவோடு பேசட்டும்" என்று வாழ்த்திக் கொடுங்கள். கணக்குக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் பிள்ளையின் நாவைக் கணக்கிற் சேர்க்காதீர்கள்.

மரத்துக்கு நீர் வார்த்தவன் நிழலிலே இருக்கலாம். கனியிலும் பங்கு பெறலாம். எந்தப் பறவை அதிலிருந்து பாடவேண்டும் என்று மட்டும் விதிக்கலாகாது.

இதிற் குற்றங் கண்டோர் எழுந்து மறுத்துப் பேசுவார்களாயின் அதனை மகிழ்ந்து கேட்போம். இன்று நாம் சொன்னது உண்மையானால் அப்படிக் கேட்பதே முறை.